நாற்பத்திரண்டு புகார்கள்

எந்தத் தெருவிலிருந்து அதிகப் புகார் வருகிறதோ, அந்தத் தெருவில்தான் எங்கள் நகராட்சிப் பொறியாளர் குடியிருக்க வேண்டும். மாதம் பிறந்ததும் காலை பத்து மணிக்குக் கணினி வீட்டை ஒதுக்கிவிடும். அந்தப் பொறியாளர் நான்தான்; மூன்று வருடத்தில் எனக்கு இது ஆறாவது வீடு. எந்தச் சாக்கடை எந்தத் தெரு என்று என் மனைவி ஜெசிந்தா வாசனையிலேயே சொல்லிவிடுவாள்.

நெசவாளர் தெருவுக்கு வந்த அன்று சாக்கடைத் தண்ணீர் எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டது. உடனே எனக்குப் பொதுச்சேவையில் அபார ஆர்வம் பிறந்தது. எட்டே மாதத்தில் புகார் எதுவும் இல்லை. அதாவது, நாங்கள் கிளம்ப வேண்டும்.

ஜெசிந்தாவுக்கு இங்கேதான் முதல்முறையாகத் தோழிகள் கிடைத்திருந்தார்கள். ஆணை வருமுன்பே பாத்திரங்களைக் கட்டினாள்.

பத்து மணிக்கு ஆணை வந்தது: ‘இடமாற்றம் இல்லை. நெசவாளர் தெருவில் புகார்கள் நாற்பத்திரண்டு.’

பதறிப்போய்ப் படித்தேன். தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளும் எழுதியிருந்தது ஒரே புகார்தான்: பொறியாளர் குளிக்கும்போது பாடுகிறார்.

எதிர்வீட்டு மைதீன் பாய் வாசலில் நின்றார்.

“பொய்ப் புகார் குடுக்கலாமா பாய்?”

“எது சார் பொய்? நீங்க பாடி நீங்க கேட்டதில்லையா?”

அவர் மனைவி நேராக உள்ளே போனார். “கட்டுனதப் பிரிங்கக்கா. நான் ஒரு கை பிடிக்கிறேன்.”

ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது புகாரில் இரண்டாவதாக நிற்கும் தெருவுக்குத் தினமும் நடந்தே போய் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால், காலையில் கடமை தவறாமல் பாடிவிடுகிறேன்.