வாசலை மறைத்த லோரி

லோரியை எடுக்கச் சொல்லி நகராண்மைக் கழக அதிகாரி வந்து நின்றதும், தெருவே வெளியில் வந்து லோரிக்காகப் பரிந்து பேசியது.

அதிகாரிக்கு இது புதிது. குடியிருப்புகளில் லோரி நிறுத்தக் கூடாது என்பது சட்டம். எந்தத் தாமானுக்குப் போனாலும் ஊரே சேர்ந்து கத்தும், லோரிக்காரன் தனியாக நிற்பான். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

புகார் கொடுத்தவள் பாக்கியவதி ஒருத்திதான்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது, பாவம். முட்டி இரண்டும் போய்விட்டது. காலையில் வாசல் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அந்தத் தெருதான் அவளுக்கு உலகம். ரொட்டிக்காரனின் மோட்டார், பள்ளிக்கூட வேன், சண்டை போடுகிற பூனைகள். தனியாக இருக்கிறவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அந்த உலகத்துக்குக் குறுக்கே அதே தெருவில் இருக்கும் ரம்லி தன் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

இரவில் கேமரன் மலைக்குப் போய்க் காய்கறி ஏற்றி வருகிறவன். பகல் முழுக்க லோரி சும்மா நிற்கும். அதுவரை சூராவ் தொழுகைக்கூடத்துப் பக்கத்துத் திடலில்தான் நிறுத்திக்கொண்டிருந்தான்.

"ஒன் வீட்டு முன்னால நிறுத்தினா என்னடா?" என்று அவள் கேட்டாள்.

"அங்க சாக்கடை மூடி ஒடஞ்சிருக்கு ஆண்டி. டயரு எறங்கிடும்."

அவள் ரொட்டிக்காரனை விட்டுப் பார்த்துவரச் சொன்னாள். மூடி நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு மேரி லிம், லோரி நிழல் குளிர்ச்சி என்றாள். கோடி வீட்டுத் தவமணி, "லோரியப் பாத்தா திருடன் வரமாட்டான்க்கா" என்றாள்.

"வந்து என்னத்த எடுக்கப் போறான்? என் முட்டித் தைலத்தையா?"

தவமணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஆக, பாக்கியவதி போனை எடுத்துப் புகார் கொடுத்தாள்.

இப்போது அதிகாரி ரம்லியைக் கேட்டார். "திடல் காலியாத்தானே கெடக்கு? அங்க போட்டா ஒனக்கு என்ன கொறஞ்சிடும்?"

"போட்டுக்கிறேன் துவான். இன்னும் கொஞ்ச நாளு."

"கொஞ்ச நாளுன்னா எதுவரைக்கும்?"

ரம்லி மேரி லிம்மைப் பார்த்தான். அவள் தவமணியைப் பார்த்தாள்.

"இப்பவே எடுக்கலைன்னா சக்கரத்தப் பூட்டிடுவேன்."

"பூட்டிடுங்க துவான்!" ரம்லியின் முகம் மலர்ந்துவிட்டது. "சம்மன் கட்டிக்கிறேன். பூட்டிட்டுப் போயிடுங்க."

"ஆமா, பூட்டுங்க, பூட்டுங்க" என்றாள் மேரி லிம்.

தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போகும் வண்டியைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

லோரி போய்விட்டால் ரம்லி வீட்டில் அடுப்பு எரியாது. அவன் ஏறினான். ஏறியவன், கதவைப் பிடித்துக்கொண்டே பாக்கியவதியின் பக்கம் குனிந்தான்.

"ஆண்டி, நீங்க உள்ள போயி ஒரு காப்பி குடிங்களேன். வெயிலா இருக்கு."

"நான் எதுக்குடா போவணும்? பாக்கத்தானே ஒக்காந்திருக்கேன்! எடுடா!"

லோரி மெல்ல உருண்டது.

முதலில் வெளிச்சம் வந்தது. பிறகு தெருவின் மறுபக்கம், விளக்குக் கம்பம், எதிர்வீட்டு மதில். பாக்கியவதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெருநாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

எதிர்வீட்டு வாசலில் ஒருவன் படுக்கை விரிப்பைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். ஒட்ட வெட்டிய தலை. அந்த வீட்டுக்காரி படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும். யாரோ கூலிக்கு வந்த ஆள் என்று நினைத்தாள்.

அவன் திரும்பினான்.

நீதிமன்றத்தில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே கடைசியாகப் பார்த்த முகம். அவள் வீட்டுச் சோற்றையும் தின்று வளர்ந்த எதிர்வீட்டு முகுந்தன். குடித்துவிட்டுக் காரை ஓட்டியவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய ஒரே மகனைக் கொன்றவன்.

பெருநாளன்று இரவுதான் விடுதலையாகி வீடு வந்திருக்கிறான். தாயைக் கழுவித் துடைக்க வேறு ஆளில்லை. அவள் கண் மூடியதும் போய்விடுகிறேன் என்று வீடு வீடாக வந்து அழுதிருக்கிறான். அவனைத் துரத்தவும் தெருவுக்கு மனம் வரவில்லை, பாக்கியவதியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. வழி சொன்னவன் ரம்லிதான்.

தெருமுனையில் லோரி நின்றது. பின்விளக்கு எரிந்தது. ரம்லி திரும்பி வரப் பார்த்தான். அதிகாரி ஓடிப்போய் லோரியின் முதுகில் பளீரென்று அறைந்து, போ போ என்றார்.

முகுந்தன் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றான். மேரி லிம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாக்கியவதியின் கேட்டருகே வந்தார். முடித்துக் கொடுத்த வேலையின் திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"இப்ப நல்லாத் தெரியுதா, ஆண்டி?"