முதல் வரிசை முணுமுணுப்பு

"அந்த முதல் வரிசை அம்மாவைக் கவனிச்சீங்களா? பேராசிரியர் பேசப் பேச இவங்களும் வாயை அசைக்கிறாங்க. பழிப்புக் காட்டுற மாதிரி இருக்கு."

புகார் சொன்னவர் ஒருவர் இருவரல்ல. தியான மன்றத்துக்குப் புதிதாகச் செயலாளராகியிருந்தவளுக்கு எரிச்சலாக வந்தது. வாராவாரம் மனுஷர் எவ்வளவு உருகிப் பேசுகிறார். அவரையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு இப்படியா வாயைக் கோணுவது?

இந்த வாரம் அந்த அம்மாளை வாசலிலேயே மடக்கினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இன்னிக்குக் கடைசி வரிசையில உட்காருங்க."

"இல்லம்மா, முன்னாடி உட்கார்ந்தாத்தான்..."

"மைக் இருக்கு. நல்லாவே கேட்கும்."

அந்த அம்மாள் பின்னால் போய் உட்கார்ந்தார்.

பேராசிரியர் மேடையேறினார்.

"நாம எல்லாரும் சாவி கொடுத்த பொம்மைங்க. திட்டினா கொதிக்கிறோம், புகழ்ந்தா பல்லை இளிக்கிறோம். பழக்கம்தான் நம்மை ஓட்டுது. உள்ளே ஒருத்தர் முழிச்சுக்கிட்டு இருக்கணும். அவர்... அவர்..."

நின்றுவிட்டார். முதல் வரிசையைப் பார்த்தார். வழக்கமான நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் கண்கள் அரங்கமெல்லாம் அலைந்தன.

"நான்... எங்கேருந்து வந்தேன்?"

அரங்கம் சிலிர்த்தது. "அடடா, என்ன கேள்வி" என்றார் ஒருவர். ஒவ்வொருவராகக் கண்ணை மூடி, விடையை உள்ளே தேட ஆரம்பித்தார்கள். செயலாளரும் மூடினாள்.

காலடிச் சத்தம் கேட்டுத் திறந்தாள். கடைசி வரிசைக்கு அனுப்பிய அம்மாள் மேடையில் நின்று பேராசிரியரின் கையைப் பிடித்திருந்தார்.

"நம்ம வீட்லேருந்துதாங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

பேராசிரியரின் முகம் தெளிந்தது.

செயலாளர் பதறி ஓடினாள்.

"நீங்க அவர் வீட்டம்மாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்த அம்மாள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் இன்னும் கண் திறக்கவில்லை.

"சொன்னா, பேசக் கூப்பிடறதை விட்டுடுவீங்களேம்மா. இந்தப் பேச்சுலதான் அவர் உசிரே இருக்கு. கொஞ்ச நாளா எல்லாம் மறந்துபோகுது. நான் எதிர்ல உட்கார்ந்து வாயசைச்சாத்தான் அவருக்கு அடுத்த வார்த்தை வரும்."