மூன்று முறை தோற்றவர்

"இனிமே மாகாண சபைப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்," என்றார் குணரத்தினம்.

மூன்றாவது தேர்தலிலும் அவர் தோற்றதாக முடிவு வந்த மறுநாள், தெரணியகலையில் அவருடைய ஹார்ட்வெயார் கடை முன்னால் தேயிலைத் தோட்டத்துச் சனமே வந்து நின்றது.

"அப்படிச் சொல்லாதீங்கய்யா," என்று தோட்டத் தலைவர் வீரமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நிக்கலன்னா எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாக்கியம் சூடம் ஏற்றி நீட்டினாள். அடுத்த தடவையும் நிற்பதாக, குணரத்தினம் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாக்கியம் மெதுவாகக் கேட்டாள்.

"பாவமா இருக்குங்க தலைவரே. அடுத்த தடவையாவது அவருக்கு ஓட்டுப் போட்டுருவமா?"

"சும்மா இரு புள்ள. தொண்ணூத்தி மூணுல தோத்தாரு, அடுத்த எலக்ஷனுக்குள்ள அவரு கடையிலேருந்து தண்ணிக் குழாய் வந்துச்சு. தொண்ணூத்தொம்பதுல தோத்தாரு, நம்ம லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் வந்துச்சு. ஜெயிச்சவங்க மூஞ்சிய நீ பார்த்திருக்கியா?"

பாக்கியம் யோசித்தாள். "வேலைக்குப் போறப்ப புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளை மடுவம் இன்னும் ஒழுகுதுங்க. இப்ப அதுக்கும் தகரம் தருவாரு."

"வாசப்படிக்கு சிமெந்து?"

"அது இந்தத் தடவ கிடைக்காதுங்க."

"அதான். அவரு இன்னும் ஒரு தடவ தோத்தாகணும்."