ஒரு பாட்டில் தண்ணீர்

தையல் கூடத்துப் பெண்களைப் பரிசோதிக்கப் பரிசோதிக்க டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிப் பேருக்குச் சிறுநீர்த் தொற்று.

"எரியுது, எரியுதுன்னு வந்து அழறீங்க. தண்ணி குடிக்கிறதுக்கு என்ன கேடு? காசா, பணமா?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா மட்டும் முறைத்தாள்.

"கல்யாணமாகாத பொண்ணுலேர்ந்து பேரன் எடுத்தவங்க வரைக்கும் இதே கதை. நாளைக்குக் கிட்னி போச்சுன்னு எங்கிட்ட வராதீங்க. இப்படிக் குடிக்கணும்."

பெரிய பாட்டில் ஒன்றை மடமடவென்று காலி செய்து காட்டினாள் டாக்டரம்மா.

"இது என்ன அவ்வளவு கஷ்டமா?"

"குடிக்கிறது கஷ்டமில்ல" என்றாள் காஜா அக்கா.

"அப்போ திமிருதான்."

மீதிப் பேரைப் பார்த்து முடிப்பதற்குள் டாக்டரம்மாவுக்கு அடிவயிறு முட்டியது.

"பாத்ரூம் எங்க இருக்கு?"

"அந்தக் கோடியில. பூட்டியிருக்கும்."

"சாவி?"

"சூப்பர்வைசர்கிட்ட. வேலை முடிஞ்சு மணி அடிச்சாத்தான் எங்களுக்குத் திறப்பாரு."

"அவரைக் கூப்பிடுங்க."

"சாவியோட வெளிய போயிருக்காரு. எப்போ வருவாரோ."

டாக்டரம்மா காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். எல்லா மெஷின்களும் ஓடத் தொடங்கின. காஜா அக்கா மட்டும் எழுந்து வந்து, இன்னொரு பாட்டிலின் மூடியைத் திருகி அவள் முன்னால் வைத்தாள்.

"குடிங்க டாக்டரம்மா. காசா, பணமா?"