அப்பாதுரையின் சிம்மாசனம்

"வேதா, இன்னைக்கு ஒரு நாளாவது நம்ம வூட்டு கக்கூஸுக்குப் போயேன்" என்றார் அப்பாதுரை. கையில் மரத்தூள் டப்பா.

"மாட்டேன். படியேறி சிம்மாசனத்துல உக்காந்துட்டு, அப்புறம் சாமிக்குப் பூப் போடற மாதிரி மரத்தூள் தூவணுமாம். தெருவே சிரிக்குது" என்றாள் அவர் மனைவி வேதநாயகி. "நான் பக்கத்துல ருக்கு வூட்டுக்கே போறேன். அங்க ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா எல்லாம் போயிடுது."

"எங்க போவுது?"

"எங்கயோ போவுது. எனக்கின்னா?"

அது தொண்ணூற்றெட்டு. பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கத்து அந்தப் புது லேஅவுட்டுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருக்கவில்லை. வீட்டுக்கு வீடு குழி தோண்டி, சிலாப் போட்டு மூடியிருந்தார்கள். அப்பாதுரை மட்டும் குழியே வேண்டாம் என்று பிடிவாதமாக, தரைக்கு மேல் இரண்டு அறை கட்டி அதன் மேல் கக்கூஸ் வைத்திருந்தார். ஒன்று நிறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதற்கு மாற வேண்டும். இரண்டு வருஷமாக அந்தப் படியேறியவர் அவர் ஒருவர்தான்.

"நேத்துதான் மொத அறைய மூடினேன். வருஷம் போனா வெறும் மண்ணு. வெளிய நின்னுக்கினே வாரிடலாம், பாரு."

"வாரி உங்க தலைல கொட்டிக்குங்க!"

அவர் சிரித்தார். கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இன்னைக்கு வேலை பக்கத்துலதான். மத்தியானம் சாப்பிட வந்துடுவேன். அவரைக்கொட்டைக் குழம்பு வை."

வைத்தாள். மத்தியானம் அவர் உடலைத்தான் தூக்கி வந்தார்கள்.

வருஷம் திரும்பியதும் பீன்யாவிலிருந்து கொழுந்தன் முனிகிருஷ்ணன் வந்தான். கூடவே ஒரு மேஸ்திரி.

"அண்ணி, இத்த இடிச்சிட்டு ஃப்ளஷ் போட்டுடலாம். குழிய இவரு ஒரே நாள்ல தோண்டிடுவாரு."

"குழி வேணாம், முனி."

"இன்னா அண்ணி இது? இதுக்காக அண்ணங்கிட்ட எவ்ளோ சண்ட போட்டீங்க!"

அவள் பின்பக்கம் போய், மூடிக் கிடந்த அறையின் பின்பலகையை நீக்கினாள். மூக்கைப் பொத்தியிருந்த மேஸ்திரி மெல்லக் கையை இறக்கினார்.

"வாசனையே இல்லையேம்மா!"

காப்பித்தூள் போலக் கறுத்த, பொலபொலவென்ற மண். வேதநாயகி வெளியே நின்றபடியே ஒரு கை அள்ளினாள். அத்தனையும் அவர் சேர்த்தது. அதில் அவள் பங்கு ஒரு நாள்கூட இல்லை.

"குழின்னு இருந்தா, என்னைக்காவது ஒருத்தர் அதுல எறங்கணும்" என்றாள்.

முனிகிருஷ்ணன் தலை குனிந்தான். ஊரார் குழிகளில் இறங்கிச் சுத்தம் செய்வதுதான் அண்ணன் பார்த்த வேலை. அன்று அவர் இறங்கி, மூச்சடைத்து, ஏறாமலே போனது ருக்கு வீட்டுக் குழியில். இரண்டு வருஷமாக வேதநாயகி ஊற்றிய தண்ணீர் எங்கேயும் போயிருக்கவில்லை, அங்கேயேதான் இருந்தது.