கையுறைக்கு என்ன வரி?

"விக்கெட் கீப்பர் கையுறை மேடம். விளையாட்டுச் சாமான்னு போட்டா வரி கம்மி" என்று கெஞ்சினார் சுங்க ஏஜென்ட். பக்கத்தில் சரக்கை வரவழைத்தவர் உட்கார்ந்திருந்தார்; மேசைமேல் கையுறைகளும் ஒரு கிரிக்கெட் பந்தும்.

அதிகாரி ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டார். "பந்தை எறிங்க, பார்ப்போம்."

ஏஜென்ட் எறிந்தார்.

"அம்மா!" என்று கையை உதறிய அதிகாரி, கையுறையைக் கத்தரித்துப் பார்த்தார். "உள்ளங்கையில பஞ்சே வைக்கல. இது விளையாட்டுச் சாமான் இல்ல, உடுப்புல சேரும். கூடுதல் வரிதான்."

ஏஜென்ட்டுக்கு முகம் தொங்கிப்போனது. சரக்குக்காரரோ எழுந்து கைகூப்பினார். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம் மேடம்!"

"வரி ஏத்தினதுக்கா சார் கும்பிடுறீங்க?"

அவர் அதற்குள் போன் போட்டிருந்தார்.

"கண்ணு, மேட்ச் ஆரம்பிச்சிடுச்சா? இல்லையா, நல்லவேளை! அப்பா சாம்பிள்னு கொடுத்த புதுக் கையுறையக் கழட்டிடும்மா. பழசையே போட்டுக்கோ."