வண்டி தூங்கிருச்சா?

“‘எங்கப்பா வண்டி தூங்கிருச்சாங்க?’ன்னு ஒரு பொடியன் போன்ல கேட்டானுங்க. அன்னையில இருந்து நம்ம ஆபீஸ்ல இதே பேச்சுத்தானுங்க,” என்றாள் மஞ்சுளா.

எதிரில் இருந்த சுகன்யா நிமிரவில்லை. லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள்.

நாமக்கல்லில் மஞ்சுளா வேலை பார்க்கும் லாரி கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர் வாங்கப் போகிறார்கள். லோடு பிடிப்பது, டிரைவரை அனுப்புவது, சரக்கு இறக்குவது, பில் போடுவது என்று ஒருவர் வேலை முடிந்ததும் அது தானாக அடுத்தவர் மேஜைக்கு நகரும். பலவற்றைப் பார்த்து, கடைசியில் இரண்டு தேறியிருந்தன. எதை வாங்கலாம் என்று சொல்ல, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து சுகன்யா வந்திருந்தாள். தேவையில்லாத வேலைகளை அவள் எடுத்துவிடுவாள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

மஞ்சுளாவின் வேலை ஒன்றே ஒன்றுதான். ராத்திரிக்கு வண்டியை ஓரம் கட்டியதும் டிரைவர் ஆபீஸுக்குச் சொல்வார். அவள் உடனே அவர் வீட்டுக்குப் போன் போட்டு, “வண்டி தூங்கிருச்சுங்க” என்பாள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

“அதெல்லாம் எங்கப்பா காலத்துப் பழக்கமுங்க,” என்றபடி முதலாளி சிவபிரகாஷ் உள்ளே வந்தான். “முதல் சாஃப்ட்வேரையே முடிச்சிரலாம். வண்டி நின்னா ஜிபிஎஸ் பார்த்து ஊட்டுக்கு மெசேஜ் அதுவே போயிருது. மஞ்சுளாக்காவும் ஊட்டுல நிம்மதியா இருக்கட்டும்.”

மஞ்சுளா ஆஞ்சநேயரை நினைத்துக்கொண்டாள்.

சுகன்யா அப்போதும் திரையைத்தான் பார்த்தாள். “இப்ப எல்லார்கிட்டயும் செல் இருக்கே. ஊட்டுல இருந்து அவங்களே டிரைவரைக் கூப்பிடலாமேக்கா?”

“கூப்பிடலாமுங்க. ஆனா அவரு ஓட்டிக்கிட்டே எடுப்பாரே! ஆபீஸ்ல இருந்து சொல்லுவாங்கன்னு இருக்கறதால நம்ம டிரைவருங்க ஊட்டுல யாரும் கூப்பிடறதில்லீங்க.”

சுகன்யா சிவபிரகாஷ் பக்கம் திரும்பினாள். “அந்த ஜிபிஎஸ் மெசேஜ்ல வண்டி எதுக்கு நின்னுச்சுன்னு வருமாங்க?”

“அது எப்படீங்க வரும்?”

“டீக்கடையா, பங்க்சரா, எங்கயாவது மோதிருச்சான்னு தெரியாம ‘வண்டி நின்றது’ன்னு மட்டும் வந்தா, ஊட்டுல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?”

“டிரைவருக்குப் போன் போடுவாங்க…” சிவபிரகாஷ் பாதியில் நிறுத்தினான்.

“டிரைவர் கிடைக்காம ஊர்ல எத்தனை கம்பெனி வண்டி ஷெட்டுல நிக்குது. உங்க வண்டி ஒண்ணுகூட நிக்கலீங்களே?”

“அதுக்கும் இந்தப் போனுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“தெரியலீங்க. டிரைவருங்களையே கேட்டுப் பாருங்களேன்.”

சிவபிரகாஷ் சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது பிடரியைச் சொறிந்துகொண்டே வந்தான்.

“டிரைவர் மாதையன் என்ன சொல்றான் தெரியுங்களா? ‘பேட்டாக் காசைக் கொறைச்சாக்கூடப் பரவால்ல, அக்கா போனை நிறுத்திராதீங்க’ங்கறான். சரி, கொறைச்சுப் பார்க்கட்டுமான்னேன். வண்டிக்கு அடியில பூந்துட்டான்!”

மஞ்சுளாகூடச் சிரித்துவிட்டாள்.

“அப்ப ரெண்டாவதையே வாங்குங்க,” என்றாள் சுகன்யா. “வேகம் கொஞ்சம் கம்மிதான், மறைக்க மாட்டேன். ஆனா மனுசங்க செய்யற வேலைக்கு அதுல இடம் இருக்குது. ஊட்டுக்குச் சொன்னாத்தான் அந்த வண்டிக்கு அன்னைய வேலை முடியுங்கற மாதிரி வெச்சுத் தரேன்.”

சிவபிரகாஷ் தலையாட்டினான். “சரீங்க. அக்கா, நீங்க இல்லாம கம்ப்யூட்டருக்கே வேலை ஓடாதாம். லீவு கேட்டு வந்துராதீங்க!”

அடுத்த மாதம் சாஃப்ட்வேர் வந்தது. எல்லாவற்றையும் சரிபார்க்கச் சுகன்யா மறுபடி வந்தாள். அவள் நெற்றியில் மஞ்சுளா கோயில் குங்குமத்தை வைத்துவிட்டாள்.

“நல்லா இருக்கோணும் அம்மணி. அன்னிக்கு நீங்க நிமிர்ந்தே பார்க்கலை. எம் பொழைப்பு போச்சுன்னே நெனைச்சேன்.”

சுகன்யா புன்னகை செய்தாள்.

“எல்லாம் அந்தப் பொடியனால வந்ததுங்க. அவங்கப்பா அஸ்ஸாம் பக்கம் வண்டி ஓட்டுனாரு. தெனமும் பொழுதுபோனா இவன் கூப்பிட்டுருவான். ‘தூங்கிருச்சு சாமி, நீயும் தூங்கு’ன்னு சொன்னாத்தான் போனை வெப்பான். பாவம், பச்சைக் கொழந்தை பயந்துக்கிட்டுக் கெடக்குதேன்னு, ஒருநாள் மழையில அவனுக்குச் சொல்ல லைன் கிடைக்காதப்ப, கிடைக்கற வரைக்கும் ஊட்டுக்குப் போகாம உக்காந்திருந்தேன். இப்ப பெரிய ஆளாயிருப்பான். எங்க இருக்கானோ?”

“அந்தக் குழந்தை நல்லா இருக்கும்க்கா,” என்றாள் சுகன்யா.

“உங்க வாய் முகூர்த்தம்!” என்று சொல்லிவிட்டு மஞ்சுளா டீ வாங்கப் போனாள்.

அறையில் யாரும் இல்லை. சுகன்யா கம்ப்யூட்டரில் மஞ்சுளாவின் வேலைக்கான பக்கத்தைத் திறந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர், ‘தகவல் தெரிவிக்கப்பட்டது’. அதை அழித்துவிட்டு, ‘வண்டி தூங்கிருச்சு’ என்று அடித்தாள். யாரும் நீக்க முடியாதபடி அதைப் பூட்டினாள்.

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மஞ்சுளா கொண்டுவந்த டீயை வாங்கிக் குடித்தாள். அன்று பக்கத்து வீட்டுப் போனுக்குக் கை எட்டாமல், பாவாடையைத் தூக்கிச் செருகி முக்காலிமேல் ஏறி நின்று கேட்டது பொடியன் இல்லை, தான்தான் என்பதை மட்டும் அவள் சொல்லவே இல்லை.